கடைசிப் பூட்டு

என் அடையாள அட்டையில் ‘தொழில் பழகுநர்’ என்று அச்சடித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அட்டையை அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன்.

"பழகுறன்னா இன்னும் வேலை ஆவலன்னுதான?" என்று கேட்டாள். கோபம் வந்தது.

நெய்வேலியில் கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டில் எனக்கு ஃபிட்டர் பயிற்சி. பெல்ட்டில் கை வைக்கும் முன் அவரவர் பூட்டை ஸ்விட்ச் பெட்டியில் மாட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசிப் பூட்டு கழன்றால்தான் பெல்ட் ஓடும். அடியில் சிந்திய கரியை வாரும் காண்ட்ராக்ட் அக்காவுக்குப் பூட்டு கொடுத்திருக்கவில்லை.

பயிற்சி முடிய ஒரு வாரம் இருந்தது. ரோலர் மாற்றி முடித்ததும் மற்றவர்கள் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். என் பூட்டு மட்டும் தொங்கியது. அக்கா மண்வெட்டியோடு பெல்ட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்ததைப் பார்த்திருந்தேன். வெளியே வந்ததைப் பார்க்கவில்லை.

பெல்ட்டை ஓட்டச் சொல்லி சூப்பர்வைசரின் வாக்கிடாக்கி விடாமல் கத்தியது. அவர் என் பூட்டைக் கழற்றச் சொன்னார். அக்கா உள்ளே இருப்பதாகச் சொன்னேன். எப்போதோ போயிருப்பாள் என்றார்.

"வந்தத நான் பாக்கல சார்."

"அப்ரண்டிஸ்னா சொன்னதச் செய்யணும். உன் ரெக்கார்ட் புக்ல கையெழுத்துப் போடப் போறது நான்தாம்மா."

சாவியை இறுகப் பிடித்திருந்தேன். பக்கத்தில் ஓடும் இன்னொரு பெல்ட்டின் இரைச்சலில் கூப்பிட்டால் அடியில் இருப்பவருக்குக் கேட்காது. அந்தக் கையெழுத்து இல்லாமல் சான்றிதழ் கிடைக்காது. அக்காவைத் தேட ஒருவர் பெல்ட் நெடுக நடந்தார். பத்து நிமிடம் பெல்ட் நின்றே கிடந்தது.

அக்கா மறுமுனைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். எப்போதோ வெளியே வந்துவிட்டாராம்.

"நல்லவேள, வூட்டுக்குப் போவல. போயிருந்தா நாளைக்குத்தான் பெல்ட் ஓடும்" என்றார் ஒரு ஃபிட்டர். எல்லாரும் சிரித்தார்கள். என் பூட்டை நானே கழற்றினேன். சைரன் ஊதியது, பெல்ட் நகர்ந்தது. அன்று அப்ரண்டிஸ்களில் என் ரெக்கார்ட் புக் மட்டும் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் வருத்தமாக இல்லை.

மறுநாள் பெல்ட்டை நிறுத்தியதும் அக்கா நேராக என்னிடம் வந்தார். நான் பூட்டை மாட்டிச் சாவியைப் பையில் போடும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"நான் உள்ள போறேன் பாப்பா. வெளிய வந்து உன்னான்ட சொல்றேன்" என்றார்.