ஆள் நடமாட்டம் இல்லாத தெரு

பார்த்தே இராத தாளுக்குப் பெயர் எழுதிக் கேள் என்றால் எப்படிக் கேட்பது? நீதிமன்ற நகல் பிரிவு ஜன்னலில் என் மனுவைத் திருப்பித் தள்ளிய ஊழியரிடம் இதைத்தான் கேட்டேன். “எந்த ஆவணம்னு குறிப்பா எழுதுங்க சார். எல்லாமே வேணும்னா நாங்க எதைத் தேடுறது?” என்றார். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வழக்குக் கட்டுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். எதையும் நோண்டிப் பார்க்கிற புத்தி.

விஷயம் அக்காவின் வீடு. காரைக்காலில் சாமி ஊர்வலம் போகும் தெருவில் இருக்கிறது. அத்தான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ‘சொல்தா வீடு’, அதாவது சிப்பாய் வீடு, என்றால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுவந்து விடுவார். அத்தான் இறந்த பிறகு, பிரான்சில் இருக்கும் அவருடைய தம்பி வீடும் நிலமும் தன்னுடையவை என்று வழக்குப் போட்டார். குடும்ப நிலத்தில் ஒரு துண்டு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்ததால் வழக்கும் அங்கேயே நடந்தது. நடந்தது என்றா சொன்னேன்? அக்கா ஆஜராகவில்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தபோதுதான் எங்களுக்கே தெரியும்.

“எனக்கு ஒரு தாளும் வரலடா” என்று அக்கா அழுதாள். நம்பினேனா? பாதிதான். பழுப்பு உறை என்றாலே அவளுக்கு ஆகாது. தபால்காரரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிற ஆள்.

வக்கீலம்மா வழி சொன்னார். “சம்மன் சரியா சேரலைன்னு காட்டினாதாங்க தீர்ப்பை ரத்து பண்ணி வழக்கைத் திரும்பத் திறக்க முடியும். அதைக் கொண்டுபோன கோர்ட் அமீனா, எப்படிச் சேர்த்தேன்னு ஒரு அறிக்கை எழுதி வச்சிருப்பார். அதோட நகலைக் கேளுங்க.” ஆக, தாளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. காரைக்கால் கோவில்பத்திலிருந்து பைக்கில் போவதும் வருவதுமாக அலைந்து, கடைசியில் ஒரே ஒரு பக்கம் கைக்கு வந்தது.

நீதிமன்ற வாசல் மரத்தடியிலேயே நின்று படித்தேன். அமீனா நடுப்பகலில் போனாராம். வீடு பூட்டியிருந்ததாம். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லாததால் சாட்சிக் கையெழுத்து வாங்க முடியவில்லையாம். சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுத் திரும்பினாராம். படித்தால் யாரும் நம்புவார்கள். அப்படியானால் அக்கா அன்றைக்கு எங்கே போயிருந்தாள்? போனை எடுத்து அறிக்கையில் இருந்த தேதியில் ஏதாவது படம் இருக்கிறதா என்று தேடினேன்.

திரை முழுக்க மாம்பழம்.

அட கடவுளே, மாங்கனித் திருவிழா! மாடிக்கு மாடி நின்று சனம் சாமி ஊர்வலத்தைப் பார்த்துப் பழம் வீசுகிறது, கீழே பிடிப்பதற்குக் கைகள். எள் போட்டால் எள் விழாத கூட்டம். அடுத்த படத்தில் அக்கா வாசலில் நின்று எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். பின்னால் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. அமீனா அந்தத் தெருப் பக்கமே போகாமல், உட்கார்ந்த இடத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டிருக்கிறார். வெளியூர்க்காரர், பாவம், அது எங்களுக்கு என்ன நாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்! மரத்தடியில் தனியாகச் சிரித்தேன். டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதே சிரிப்போடு போய் அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

“தெருவுல ஆளே இல்லைன்னா எழுதி வச்சிருக்கான்?”

“ஆமாக்கா. எப்படிப் புளுகியிருக்கான் பாரேன்.”

“அவன் வெளியூர்க்காரன், விடு. நீ அன்னைக்கு என் வீட்டு மாடியில நின்னுதானேடா பழம் வீசுன? என்னைய நம்ப உனக்கு இந்தத் தாளு வேண்டியிருக்கா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

படங்களைத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனுவோடு சேர்த்தோம். என்னையும் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அறிக்கையைத் தூக்கிக் காட்டி, “அந்த நேரத்தில் தெருவில் யார் இருந்தார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா?” என்று மடக்கினார்.

“ஊரே இருந்துச்சுங்க” என்றேன். “நான் எங்க அக்கா வீட்டு மாடியில இருந்தேன்.”

பின் பெஞ்சில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்போதுதான் சிரித்தாள். பிறகு தீர்ப்பும் ரத்தானது.