ஐந்தாவது தடை

இன்று வகுப்பில் ஒரு பழைய நாவல் பாடமாக நடந்தது. கடலுக்குத் தனியாகப் போகும் ஒரு மீனவரின் கதை.

"அவருக்கு வந்த தடைகள்ல அஞ்சு எழுதுங்க" என்றார் டீச்சர்.

சுறா, கயிறு அறுத்த கை, பசி, தூக்கமின்மை. நாலோடு நின்றுவிட்டேன்.

பக்கத்தில் இருந்த கவிதா சிரித்தாள். "உங்கப்பாவும் இன்னிக்குத் தனியாத்தானே போயிருக்காரு? அவரையே கேளு லா."

அப்பாவின் கூட்டாளிக்குக் காய்ச்சல், அதனால் தனியாகவே மீன்பிடிக்கப் போயிருந்தார். நானும் சிரித்தேன்.

அழிப்பான் தேடிப் பைக்குள் கைவிட்டபோது அப்பாவின் பவர் பேங்க் தட்டுப்பட்டது. இதே நாவலைப் போனில் படிக்க நேற்று நான்தான் எடுத்தேன். காலையில் புத்தகங்களோடு பைக்குள் போய்விட்டது. அது இல்லாமல் அப்பாவின் பழைய போன் மத்தியானம் வரைகூடத் தாங்காது.

பள்ளி விட்டு வந்ததிலிருந்து அழைக்கிறேன். போன் அணைந்தே கிடக்கிறது.

பவர் பேங்க் விஷயம் அம்மாவுக்குத் தெரியாது. "தண்ணி ஏறினாத்தான் படகு ஜெட்டிக்குள்ள வரும். போய்ப் படு லா" என்கிறார். நான் கடல் நீர் ஏறி இறங்கும் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டேன். தண்ணீர் ஒன்பது மணிக்கே ஏறிவிட்டது. இப்போது பதினொன்று. போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

ஐந்தாவது தடை கிடைத்துவிட்டது, டீச்சர். மீனவரின் மகள்.

போர்ட் கிள்ளான் ஜெட்டிப் பக்கம் யாராவது விழித்திருக்கிறீர்களா? நீலப் படகு, ஒரே ஆள். வந்துவிட்டாரா என்று மட்டும் சொல்லுங்கள். என்னைத் திட்டுவதானால் வரிசையில் நில்லுங்கள், முதல் இடம் அப்பாவுக்கு.