வலிக்காத கொப்புளம்

கறிவேப்பிலையும் மஞ்சளும் அம்மியில் சேர்ந்து அரைபடும் வாசனை வந்தால் இன்றைக்கும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த புதிதில் நாங்கள் என் நாத்தனார் வீட்டில்தான் இருந்தோம். கொல்லையில் நின்ற கறிவேப்பிலை மரம் அந்தத் தெருவுக்கே மருந்துக்கடை. வயிற்றுப்போக்குக்கு நாத்தனார் அதன் கொழுந்தை மோரில் அரைத்துக் கொடுப்பார். பிள்ளை பெற்றவளுக்கு மிளகு சேர்த்துப் பொடி. கட்டி, கொப்புளம் என்றால் இலையை மஞ்சளோடு அரைத்துப் பற்று. தோல் மண்டியில் புண்பட்ட கைகளெல்லாம் எங்கள் வாசலுக்குத்தான் வரும்.

நாத்தனாரின் கணவரை நான் அண்ணன் என்பேன். மண்டியில் உப்பிட்ட மாட்டுத் தோல்களை வண்டியிலிருந்து இறக்குவது அவர் வேலை. ஒரு சித்திரையில் முன்கையில் சின்னக் கொப்புளத்தோடு வந்தார். நாத்தனார் பற்றுப் போட்டார். மறுநாள் துணியை அவிழ்த்தால், நடுவில் கரியாகக் கறுத்து, சுற்றிலும் வீங்கியிருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல. உன் மருந்துக்குக் கேக்குது."

நாத்தனார் அழுத்திப் பார்த்தார். அண்ணன் முகம் சுளிக்கவில்லை. எத்தனையோ கட்டிகளைப் பார்த்த நாத்தனாருக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இது இலைக்கு அடங்கறதா தெரில. வேலூர் ஆசுபத்திரிக்குப் போய்டலாம், வாங்க."

"ஊரே உன் இலைய நம்பி வருது. நானே ஆசுபத்திரிக்குப் போனா இன்னா நெனைப்பாங்க? இன்னிக்கு லோடு வேற ஜாஸ்தி."

சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார். மாலையில் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். கை தோள்வரை வீங்கி, உடம்பு அனலாய்க் கொதித்தது. ரயிலேறி வேலூர் போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா கையைப் பார்த்ததும், "தோல் வேலையா?" என்று கேட்டார். செத்த மாட்டின் நோய் தோலோடு வந்து மனிதனை ஒட்டும் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டோம். மறுநாள் மத்தியானம் அண்ணன் போய்விட்டார்.

ராசியில்லை என்று மரத்தை வெட்டிவிடச் சொன்னார்கள் சிலர். "மரம் இன்னா பண்ணும்?" என்றார் நாத்தனார். துவையலுக்கும் ரசத்துக்கும் அதிலேயே கிள்ளினார். பற்று மட்டும் யாருக்கும் அரைக்கவில்லை.

மழைக்காலத்தில், அதே மண்டியில் வேலை செய்த வாலிபன் ஒருவன் கழுத்தில் கறுப்புக் கொப்புளத்தோடு வந்து நின்றான். "வலியே இல்லக்கா. கொஞ்சம் இலை அரைச்சுக் கட்டு, போய்டும்."

நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவன் மணிக்கட்டைப் பற்றி ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவன் பிழைத்தான். ஆனால் வேறு வேலை கிடைக்கவில்லை. பழைய மண்டிக்கே திரும்பினான். முதல் நாள் காலை அவன் எங்கள் வாசலைக் கடந்தபோது நாத்தனார், அவன் தெருமுனை திரும்பும்வரை, உறையில்லாத அந்த வெறும் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.