கண்ணாடியின் உட்பக்கம்

நெடுந்தீவில் ஒரு விதி உண்டு. அதை எவரும் எவருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, மீறியவரும் இல்லை. கடலுக்குப் போனவனின் உடல் கரை சேராதவரை, அவன் செத்துவிட்டான் என்று ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை. படத்துக்கு மாலை இல்லை. திவசம் இல்லை. "இன்னும் வரேல்லை" என்பார்கள். அவ்வளவுதான்.

இது கட்டிச் சொன்ன கதையல்ல. சென்ற சோளகக் காற்றுக் காலத்தில், பட்டப்பகலில் நடந்தது. பேய் பிசாசைப் பிரியவதனி அன்றும் நம்பவில்லை. இன்றும் நம்புவதாகச் சொல்வதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறாள்.

அவளுடைய அண்ணன் சயந்தன் நான்கு வருடங்களாக "இன்னும் வரேல்லை". அவனுடைய கைபேசி இலக்கம் வேறொருவர் கைக்குப் போய்விடாதிருக்க, தாய் யோகம்மா அதற்குத் தவறாமல் பணம் போட்டு வந்தார். வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு நாளும் எங்கும் போகமாட்டார். மகன் வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட தாயைத் தனியே விட மனமில்லாமல்தான், பிரியவதனி தன் ஆராய்ச்சிக் கருவிகளைப் படகில் ஏற்றிவந்து அண்ணனின் அறையிலேயே பொருத்தியிருந்தாள்.

முதுமையடைந்த விண்மீன்கள் கரிப்புகையைக் கக்குகின்றன. அந்தப் புகையில் அறுபது, எழுபது கரியணுக்கள் பந்துபோல் கோத்துக்கொண்டு பெரிய மூலக்கூறுகளாகி, வெறும் வெளியில் காலகாலமாக அலைகின்றன. அவை எப்படிப் பிறக்கின்றன என்பதே அவளுடைய கேள்வி. சோற்றுப்பானையளவு உருக்குக் கலம் ஒன்று. அதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, உள்ளே வைத்த கரிவில்லையை லேசரால் சுடுவாள். எழும் புகையை ஒரு சிறிய கண்ணாடிச் சாளரத்தின் வழியே ஆராய்வாள். கலம் இரவல். மாதக் கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் சுத்தமான ஒரு முடிவாவது கிடைக்காவிட்டால், ஆராய்ச்சி மாணவி என்ற இடமே பறிபோய்விடும்.

கரிவில்லைகள் தீர்ந்துபோயின. கடல் கொந்தளித்தது. படகு ஓடவில்லை.

"ஏரம்புவிட்டைப் போய்க் கரி வாங்கன்" என்றார் யோகம்மா.

"அம்மா, நான் அயன்பெட்டியாலை உடுப்பு மினுக்கப் போறேல்லை."

"ஏன், உங்கட நட்சத்திரம் வெளிநாட்டுக் கரியோ எரிக்குது?"

சிரித்தாலும், வேறு வழி தெரியவில்லை. போனாள்.

ஏரம்பு கரி சுட்டு விற்பவர். சயந்தனோடு கடலுக்கும் போய்வந்தவர். கொட்டிலில் ஆளில்லை. நிலத்தில் கிடந்த சிரட்டைக்கரி நனைந்திருந்தது. கூரையின் வளைமரத்தில் ஓர் உரப்பை தொங்கியது. இறக்கிப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்த கரி. எடுத்துவிட்டுப் பிறகு சொல்வதுதான் அவ்வூர் வழக்கம். இரண்டு கை அள்ளிக்கொண்டாள்.

அரைத்து, அழுத்தி, வில்லையாக்கிக் கலத்தில் வைத்தாள். அளவீட்டுக்கு வெளிச்சம் ஆகாது. அறையின் வெளிக்கதவைச் சாத்தி, ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினாள். வெளியே உச்சி வெயில். உள்ளே கும்மிருட்டு. காற்றை உறிஞ்சும் பம்பியின் இரைச்சலும் கணினித் திரையின் மங்கல் ஒளியும் மட்டும்.

ஒளி கரியைத் தொட்டது. புகை எழுந்தது. திரையில் ஒரு கோடு மெல்ல முளைத்தது. அந்த மூலக்கூறுகளின் அடையாளமாக மூன்று வருடங்களாக அவள் தேடிய கோடு.

அப்போதுதான் அந்த மணம்… கரிமணம் அல்ல. ஈரவலையின் மணம்.

அழுத்தமானியின் முள் ஏறியது. எங்கோ காற்று கசியும் ஒழுக்கு என்று நினைத்தாள். முள் இறங்கியது. மீண்டும் ஏறியது. ஒழுக்கென்றால் இறங்காது. இது சீராக, தூங்குகிறவனின் நெஞ்சைப்போல…

கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்தாள். போகவில்லை.

அது உட்பக்கத்தில் இருந்தது. காற்றே இல்லாத இடத்தில்.

டக்… டக்…

சற்று இடைவெளி.

டக்.

கடலிலிருந்து திரும்பும்போது சயந்தன் கதவு தட்டும் விதம் அது.

குசினி அடுப்படியிலிருந்து யோகம்மாவின் குரல் வந்தது.

"பிள்ளை, கொண்ணன் வந்திட்டான்! கதவைத் திற!"

"அது… மெஷின் அம்மா."

"என்ர பிள்ளை தட்டுறது எனக்குத் தெரியாதோ? திறவடி!"

ஆவியின்மேல் கரி படிந்தது. விரல்கள். ஒன்று, இரண்டு… மோதிர விரல் பாதியில் நின்றது. சயந்தனின் அந்த விரலை நங்கூரக் கயிறு அறுத்திருந்தது.

முள் துடித்தது. தட்டல் வேகமெடுத்தது. மூச்சுக்குத் தவிக்கும் தட்டல்.

திரையில் கோடு இன்னும் முழுமையாகவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும். இப்போது திறந்தால் எல்லாம் போய்விடும்.

டக். டக். டக். டக்.

"அண்ணை…"

வால்வைத் திறந்தாள்.

"ஹா…"

நீருக்கடியிலிருந்து மேலே வந்தவன் இழுக்கும் முதல் மூச்சு.

பிறகு ஒன்றுமில்லை.

கோடு அழிந்துபோயிருந்தது. கலத்துக்குள் ஒரு பிடி கறுப்புத் தூள். விரல் அடையாளங்கள் மட்டும் கண்ணாடியின் உட்பக்கத்தில் அப்படியே இருந்தன. எப்படி வந்தன என்று அவளால் இன்றுவரை விளக்க முடியவில்லை.

வெயில் தாழ, ஏரம்பு வாசல் படலையடிக்கு ஓடிவந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"பிள்ளை, கொட்டிலுக்கு வந்தனீரோ? எதிலை எடுத்தனீர்?"

"வளையிலை தொங்கின பையிலை."

அவர் அப்படியே முற்றத்தில் குந்திவிட்டார்.

"அது விக்கிற கரி இல்லைப் பிள்ளை… அவன் வராமல் விட்டு ஒரு கிழமை கழிச்சு, மேற்குக் கரையிலை ஒதுங்கிக் கிடந்தது. முகமில்லை. விரலைப் பார்த்துத்தான்… யோகம்மா அக்காவுக்குக் காட்டுற கோலமில்லை. சொன்னால் அக்காவும் உயிரோடை இருக்கமாட்டா எண்டு பயந்திட்டன். பனங்குத்தி அடுக்கி நானே கொள்ளி வைச்சனான். மிஞ்சினதைக் கடலிலை கொட்ட மனம் வரேல்லை."

பிரியவதனி தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்களில் கரி.

குசினி வாசலில் யோகம்மா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அவர் அழவில்லை.

"ஏரம்பு, நெருப்பு நல்லாய்ப் பிடிச்சதோ?"

"ஓம் அக்கா."

யோகம்மா அறைக்குள் போனார். கண்ணாடியில் இருந்த அந்த அரைவிரலுக்கு நேரே, வெளிப்பக்கத்தில், தன் விரலை வைத்து நின்றார். பின்பு முற்றத்தைக் கடந்து, நான்கு வருடங்களாகத் தாழிடாமல் சாத்தியே வைத்திருந்த படலையை இரு கைகளாலும் அகலத் திறந்தார்.

ஒழுங்கையில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.

"என்ர பிள்ளை செத்துப் போனான்!" என்று யோகம்மா ஊர் கேட்கக் கத்தினார். "செத்தவீடு! எல்லாரும் வாங்கோ!"