மூச்சு வந்தது, கால் வரவில்லை

எங்கள் அக்கா மலேசியாவில், பினாங்கின் தாசேக் கெலுகோரில் பிறந்து, சுங்கை பினாங் அடுக்குமாடியில் வளர்ந்தவர். பிறையில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு குதிரை லாயத்தில் சேர்ந்தபோது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடிவாதத்தில் அவரை மிஞ்ச எங்கள் குடும்பத்தில் ஆள் கிடையாது.

சவாரிப் போட்டிகளுக்குக் குதிரைகளின் உடம்பைத் தயார் செய்வதுதான் அவர் வேலை. முதலில் பல வாரம் வெறும் நடை. அப்புறம் மெல்லோட்டம், மேடு ஏற்றம். தடை தாண்டுவது கடைசியில்தான். குதிரைக்கு நடக்கக் கற்றுத்தரச் சம்பளமா என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

அக்காவின் மகள் தர்ஷினி முதன்முதலாகப் போட்டியில் இறங்கவிருந்தாள். குதிரையின் பெயர் ராணி, பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்றது. பயிற்சியில் பறந்தது. ஆனால் போட்டிக்கு முந்தின வாரம் அதன் கால்களைத் தடவிப் பார்த்த அக்கா, போட்டியிலிருந்து அதன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிள்ளை அழுதாள். நான் சமாதானம் பேசப் போனேன்.

"இவ்ளோ நல்லா ஓடுதே, போட்டிக்கு விட்டுருங்கலா அக்கா."

"மூச்சு வந்துடுச்சு தம்பி, கால் இன்னும் வரல. மூச்சு சீக்கிரம் வந்துரும், காலு உறுதியாக நாளாகும். அத நம்பி தாண்ட விட்டா கால் போயிரும்."

அடுத்த போட்டிவரை காத்திருந்தார்கள். தர்ஷினிக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் ராணி ஒரு தடையையும் தட்டாமல் தாண்டி வந்தது. அக்கா ஓடிப்போய் முதலில் குதிரையின் கால்களைத்தான் தொட்டுப் பார்த்தார்.

"பெத்த புள்ளய விட குதிர முக்கியமாக்கா?" என்றேன்.

"அவளுக்கு வாய் இருக்கு, வலிச்சா சொல்லுவா."

பிறகு அக்காவுக்கு நோய் வந்தது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது பழையபடி பேசினார், எங்களை அதட்டினார். உடனே லாயத்துக்குப் போக வேண்டும் என்றார். தர்ஷினிதான் அவர் கையைப் பிடித்து அடுக்குமாடி நடைபாதையில் மெதுவாக நடக்க வைத்தாள்.

"போதும்மா, கால் இன்னும் வரல," என்றாள் ஒருநாள்.

அக்கா சிரித்துவிட்டு மறுபேச்சில்லாமல் திரும்பினார். அவர் யாருடைய சொல்லையும் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். லாயத்துக்கு அவர் திரும்பப் போகவே இல்லை.

மருத்துவமனைக்குக் காரில் அழைத்துச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த சொந்தங்களுக்கும், அக்காவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த லாயத்து நண்பர்களுக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு. அவர் போன இந்த ஓராண்டில் எங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் தேறிவிட்டீர்கள் என்று சொல்கிறார்கள். வேலைக்குப் போகிறோம், சிரிக்கவும் செய்கிறோம். மூச்சு வந்துவிட்டது அக்கா. கால்தான் இன்னும் வரவில்லை.