பட்டுடுத்தி உட்கார வைத்தோம்

கோபிசெட்டிபாளையத்தில் கால் வலுவில்லாத என் மகள் நடக்கப் பழகும் பயிற்சி மையம் ஒரு மில் முதலாளியின் நன்கொடையில்தான் நடக்கிறது. அவர் நேரில் பார்க்க வருகிறார் என்றதும் அம்மாக்கள் நாங்கள் அன்றைய பயிற்சியை நிறுத்தி, பிள்ளைகளுக்குப் பட்டுடுத்தி வரிசையாக உட்கார வைத்தோம்.

இளநீர் குடித்தவர், "எல்லாரும் நல்லாத்தான இருக்கறாங்க அம்மணி! இனி வேற எடத்துக்குச் செய்யலாமுங்க. அப்ப வாரேன்" என்று எழுந்துவிட்டார்.

எங்களுக்குப் பக்கத்தில் வேறு மையம் இல்லை.

"ஏனுங்க, ஒரு நிமிசம் நில்லுங்க! கண்ணு, எந்திரி சாமி" என்று கத்தினேன். பயிற்சிக் கம்பியைப் பிடித்து எழுந்த மகள் இரண்டாவது அடியிலேயே விழுந்தாள். அழுதுகொண்டே மறுபடி எழுந்தாள். அவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார். உதவியும் நிற்கவில்லை.

இப்போது பார்க்க வருபவர் யாரையும் பயிற்சி நேரத்தில்தான் வரச் சொல்கிறோம். ஆனால் மகள் விழும்போது, அவளைப் பார்ப்பதற்கு முன்னால், வந்தவர் முகத்தைப் பார்த்துவிடுகிறேன்.