டைப்பிஸ்ட் அக்காவின் ஜன்னல்

கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு இருக்கும். உள்ளே ஹார்டு டிஸ்க் எதையாவது படிக்கும்போதும் எழுதும்போதும் அது மினுக்கும். வேலை முடிந்தால் அணைந்துவிடும். ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் ஆபீஸில் நான் பார்த்த விளக்கு மட்டும் அணையவே அணையாது. காலையில் சுவிட்சைப் போட்டால் சாயந்திரம் வரை ஒரே சிவப்பு. அதன் முன்னால் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அடித்த எழுத்து திரையில் வந்து சேரட்டும் என்று காத்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அக்காவைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். டிப்ளமோ முடித்துவிட்டு, வேலூர் லாங் பஜாரை ஒட்டிய ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்குரூ டிரைவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் போவேன். போகிற இடத்திலெல்லாம், வந்தது ஒரு பெண் என்றதும், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். டேனரி முதலாளியும் அப்படித்தான். "இன்ஜினியர் வரலியா?" என்றார். "நான்தான் சார்" என்றேன். "ஓ" என்றார். அந்த "ஓ"வுக்கெல்லாம் கோபித்துக்கொண்டால் என் பிழைப்பு நாறிப்போயிருக்கும். அக்கா மட்டும்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "வாம்மா, ஒக்காரு. எல்லாரும் பாத்துட்டாங்க. நீயாவது இது இன்னான்னு பாரு" என்றார்.

தொண்ணூறுகளில் டைப்ரைட்டர் காலத்திலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அவருடைய வீட்டுக்காரரும் அதே டேனரியில், தோலில் இருந்து முடி நீக்குகிற சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். வெளிநாட்டுக்குப் போகும் கடிதம், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அக்காவின் விரல் வழியாகத்தான் போயின. கம்ப்யூட்டர் வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தும் தானாகவே கற்றுக்கொண்டார். ஆனால் அந்த மெஷின் ஒரு வருஷமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. இரண்டு முறை ஹார்டு டிஸ்க்கை மாற்றியாகிவிட்டது. புதுசு போட்டால் சில மாதம் குதிரையாக ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி. முதலாளி ஒரு கணக்குப் போட்டிருந்தார். மெஷின் புதுசு, டிஸ்க் புதுசு, பழசு என்று அங்கே இருப்பது அக்கா ஒருத்திதான். அடுத்த மாதம் வேலூரிலிருந்து கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த பெண் ஒருத்தி வருவாள் என்றும், அக்கா குடோனுக்குப் போய்த் தோல் எண்ணலாம் என்றும் சொல்லிவிட்டார்.

அதைவிட எனக்குப் பொறுக்காதது, அக்காவும் அதை நம்பிவிட்டிருந்ததுதான். "மெஷின் இன்னாம்மா பண்ணும்? என் கைதான் ஸ்லோ ஆயிட்ச்சி. வயசாவுது இல்ல?" என்றார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மெஷினைச் சரி செய்யாமல் பஸ் ஏறுவதில்லை என்று மனசுக்குள் சூளுரைத்துக்கொண்டேன்.

சூளுரைத்தது சுலபம். வைரஸ் தேடினேன், இல்லை. ஆன் செய்தவுடன் தானாகக் கிளம்பி ஓடும் தேவையில்லாத புரோகிராம்களையெல்லாம் நிறுத்தினேன். குப்பைக் கோப்புகளை அழித்தேன். டிஸ்க்கில் சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்த விட்டேன். அது நகரவே மாட்டேன் என்றது. டிஸ்க்கிடம் இவ்வளவு வேலை வாங்குவது யார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், யாருமே வாங்கவில்லை. கீபோர்டைத் தொடாமல் சும்மா விட்டாலும் விளக்கு எரிந்தது. அப்படியென்றால் டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்த்து, முடியாமல் தவிக்கிறது. டிஸ்க் கோளாறு என்று சொல்லிவிடலாம். ஆனால் மூன்றாவது டிஸ்க்குமா? ஒரே மேஜையில் மூன்று டிஸ்க் ஒரே மாதிரி கெடுவதற்கு, அது என்ன வம்ச வியாதியா?

மத்தியானம் வெயில் ஏறியது. மேஜைக்கு நேர் மேலே ஜன்னல், காற்றுக்காக அகலத் திறந்திருந்தது. வெளியே நாலடி தள்ளிச் சுண்ணாம்புக் குழிகள். எதையோ கலக்கிவிட்டார்கள் போல. திடீரென்று அழுகின முட்டை நாற்றம் அறைக்குள் குப்பென்று நுழைந்தது. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அக்கா நிதானமாக டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, தலவலியா?"

"நாத்தம்க்கா."

"இன்னா நாத்தம்?"

அவர் விளையாடவில்லை. நிஜமாகவே அங்கும் இங்கும் மோந்து பார்த்தார். குழம்பு கெட்டுவிட்டதோ என்று டிபனைக் கூட முகர்ந்தார். அந்தப் பக்கம் வந்த முதலாளியும் மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஒண்ணும் இல்லியே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன், குழியைப் பார்த்தேன், ஜன்னலுக்கு அடியில் இருந்த மெஷினைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அழுகின முட்டை நாற்றமுள்ள கந்தக வாயு செம்பைக் கறுக்க வைக்கும் என்று பள்ளிக்கூடத்து வேதியியலில் படித்திருக்கிறேன். தூசி, சூடு, கரண்ட் என்று மெஷினுக்கு ஆகாததையெல்லாம் டிப்ளமோவில் சொல்லிக்கொடுத்தார்கள். நாற்றத்தை யாரும் சொல்லவில்லை.

டிஸ்க்கைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் பச்சைப் பலகையின் திருகுகளை எடுத்தேன். பலகையும் டிஸ்க்கும் ஒன்றையொன்று தொட்டுப் பேசிக்கொள்ளும் சின்னச் சின்னப் புள்ளிகள் பளபளவென்று இருக்க வேண்டும். சட்டி அடியைப் போலக் கறுத்துக் கிடந்தன. பலகை கேட்டது டிஸ்க்குக்குப் போய்ச் சேரவில்லை, அதனால் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அக்கா டிராயரைத் துழாவி, டைப்ரைட்டர் காலத்து ரப்பர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தேய்க்கத் தேய்க்கப் புள்ளிகள் வெளுத்தன.

எல்லாவற்றையும் மாட்டி, பிழைகளைப் பார்த்து மிரண்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த விண்டோஸையும் சரிப்படுத்தினேன். "டைப் பண்ணுங்கக்கா" என்றேன். அவர் ஓர் எழுத்தை அடித்துவிட்டுக் கையை எடுத்தார். காத்திருந்தே பழகிப்போன கை. "நிக்காதீங்க, அடிங்க" என்றேன். அடித்தார். விரல்கள் தயங்கி, நடந்து, பிறகு ஓடின. திரை கூடவே ஓடியது. பாதிக் கடிதத்தில் நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

முதலாளியிடம் கறுப்பை அழித்த ரப்பரைக் காட்டி, இது காற்று செய்த வேலை, அக்காவின் கை செய்ததல்ல, மெஷின் இங்கேயே இருந்தால் யார் வந்து உட்கார்ந்தாலும் இதே கதைதான் என்றேன். அவர் ஆட்களைக் கூப்பிட்டு, மேஜையை முன்பக்கத்து ஏசி ரூமுக்குத் தூக்கச் சொன்னார். "நீங்களும் பைய எடுத்துனு வந்துடுங்கம்மா" என்று அக்காவிடம் சொன்னார். வேலூர்ப் பெண்ணைப் பற்றிய பேச்சு அத்தோடு நின்றது.

இப்போது காட்பாடியில் எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. காலேஜ் பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, டிஸ்க் எப்போது பார்த்தாலும் நூறு சதவீதம் காட்டுகிறது என்பார்கள். இதை எங்கே வைத்திருக்கிறாய், பக்கத்தில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். அவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். யாரும் இன்ஜினியர் வரலியா என்று கேட்பதில்லை. அந்த அளவுக்கு உலகம் திருந்தியிருக்கிறது.

அந்த டேனரிக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை போனேன், பிரிண்டர் வேலையாக. ஆறேழு மாதம் கழிந்திருக்கும். ஏசி ரூமில் அக்கா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தார். யாரோ பின்கதவைத் திறந்தார்கள். சட்டென்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாக்கா, இன்னா நாத்தம்?" என்று கேலி செய்தேன்.

அவரும் சிரித்தார். கதவு சாத்தும் வரை பொறுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இத்தினி வருசம் இதுலதான் ஒக்காந்துனு சோறு துன்னிருக்கேன். இங்க வந்தப்புறம்தாம்மா தெரியுது. வீட்டுல அவரு குழி வேல முடிச்சினு பக்கத்துல வந்தா தெரியுது. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போட்டுனு போற வெள்ளச் சட்டையிலகூட இருக்குது. தொவச்சித் தொவச்சிப் பாக்குறேன், போவல."

"அவருகிட்ட சொன்னீங்களாக்கா?"

"எப்டிம்மா சொல்றது? இன்னா நாத்தம்னு கேப்பாரே."